தப்பு விடை எழுதும் உண்ணாமலை

செஞ்சி பஜாரில் தங்கராஜின் பாத்திரக் கடை எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார்கள். கடைக்கு மேலே மாடியில் அவர் மனைவி உண்ணாமலை லேப்டாப்பும் கையுமாக என்ன செய்கிறாள் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை வரும். டியூஷன் என்பார் எதிர்க்கடைப் பூக்காரர். ஜி.எஸ்.டி. கணக்கு என்பார் பக்கத்து மளிகைக்காரர். ஷேர் மார்க்கெட்டேதான் என்று அடித்துச் சொன்ன ஒரு புண்ணியவான், எதை வாங்கலாம் என்று அவளிடமே வந்து ரகசியமாகக் கேட்டுவிட்டும் போனார்.

அவள் செய்வது வேறு. பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடக் கணக்கை போனிலும் கம்ப்யூட்டரிலும் போடுவதற்கென்று சென்னைக் கம்பெனி ஒன்று ஒரு சிஸ்டம் நடத்துகிறது. அதற்குத் தமிழ்வழிக் கணக்குகளை எழுதி, வரிசைப்படுத்தித் தருவது உண்ணாமலையின் வேலை. கணக்கை எழுதுவதுகூடப் பெரிதில்லை. அந்தக் கணக்கில் பிள்ளைகள் என்னென்ன தப்பு விடை போடுவார்கள் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொரு தப்புக்கும் தனியாக ஒரு குறிப்பு எழுதி வைக்கிறாளே, அதில்தான் அவள் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இருக்கிறது.

சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அது ஒன்றே ஒன்றுதான், எங்கேயும் ஓடிப்போகாது. தப்பு விடை அப்படியல்ல. அது பிள்ளையின் தலைக்குள் எந்தச் சந்தில் திரும்பி எங்கே முட்டிக்கொண்டது என்று தெரிந்தவர்களுக்குத்தான் பிடிபடும். முக்காலையும் அரையையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி, ஆறில் நாலு என்று எழுதும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் உண்ணாமலையின் குறிப்பு வந்து நிற்கும்: "முக்கால் தோசை தட்டில் இருந்தது, மேலே அரை தோசை போட்டேன். உன் விடை முக்காலைவிடக் குறைவாக வருகிறதே, நடுவில் தோசையை யார் தின்றது? கீழே இருக்கும் எண்களைக் கூட்டினாயா என்று பார்." படித்ததும் பிள்ளைக்குச் சிரிப்பு வரும், சிரித்த கையோடு மறுபடி போடும்.

உண்ணாமலை பிறந்தது பக்கத்து வல்லத்தில், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பத்தில். திண்டிவனத்தில் கணக்கில் பட்டம் வாங்கினாள், பி.எட். முடித்தாள், வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதினாள், கிடைக்கவில்லை, கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்துவிட்டாள். படித்த படிப்பு பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவளும் எவர்சில்வர் குண்டானையும் பித்தளைத் தவலையையும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். அதில் ஒன்றும் அவளுக்கு வருத்தமில்லை.

கொரோனா வந்தது. மகள் காயத்ரி அப்போது ஐந்தாவது. பள்ளிக்கூடம் போனுக்குள் நுழைந்ததும், வீட்டுப்பாடமும் அதற்குள்ளேயே வந்தது. காயத்ரி ஒரு விடை எழுதுவாள். சிவப்பாக ஒரு பெருக்கல் குறி வரும், கீழே 'தவறு' என்று ஒற்றைச் சொல். இன்னொன்று எழுதுவாள். மறுபடியும் 'தவறு'. ஏன் தவறு, எதில் தவறு, ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளை போனைக் கட்டிலில் வீசிவிட்டு அழ ஆரம்பித்தது. உண்ணாமலைக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மாடு வழி தப்பிப் போனால்கூட எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஓட்டிவிடுகிறோம், பிள்ளையை மட்டும் தப்பு தப்பு என்று தலையில் குட்டினால் எப்படி என்று அந்தச் சென்னைக் கம்பெனிக்கு நீளமாக ஒரு புகார் எழுதினாள். புகாரோடு நிற்கவில்லை. காயத்ரி தப்பாகப் போட்ட கணக்குகள் ஒவ்வொன்றையும் எடுத்து, பிள்ளை எங்கே வழுக்கியது, அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்றும் எழுதி அனுப்பினாள்.

அங்கிருந்து ஷோபனா என்ற பெண் போன் செய்தாள். கணக்குப் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பு. "அக்கா, திட்டினதுகூடப் பரவால்ல. இந்தக் குறிப்பெல்லாம் நீங்களே எழுதித் தர்றீங்களா? ஒரு கணக்குக்கு இவ்ளோன்னு குடுத்துடறோம்" என்றாள். அன்றைக்குப் பிடித்த வேலை இது.

வீட்டில் கேலிக்குக் குறைவில்லை. மாமியார் ஆண்டாள், கல்லாவில் உட்கார்ந்தே தலைமுடி நரைத்தவர். மருமகள் செய்வது இன்னதென்று புரிந்த அன்று அவருக்கு ஏற்பட்ட ஆச்சரியம் இன்னும் அடங்கவில்லை. "நம்ம கடையில தப்புக் கணக்கு போட்டவன அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிச்சுடுவோம். இவ இன்னாடான்னா குந்திகினு குந்திகினு தப்பு தப்பா போடறா, அதுக்குத் துட்டு குடுக்கறானுவோ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமையும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை அவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

தப்புகளை உண்ணாமலை சும்மா கற்பனையில் தயாரிப்பதில்லை. தேடிப் பிடிக்கிறாள். குடம் வாங்க அம்மாவோடு வந்த பிள்ளையிடம், "இருபத்தி மூணுல இருந்து எட்டு போனா எவ்ளோ கண்ணு?" என்று பேச்சுவாக்கில் கேட்பாள். பிள்ளை இருபத்தைந்து என்றால் அவளுக்குப் பரம சந்தோஷம். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிட்டது, எட்டிலிருந்து மூன்று போனால் ஐந்து! திருத்திச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு சின்ன டம்ளரையும் கையில் கொடுத்தனுப்புவாள். தப்புக்கு ஒரு டம்ளர் என்று கணக்கு வைத்தால் கடை உருப்பட்ட மாதிரிதான் என்று தங்கராஜ் முணுமுணுப்பார்.

இன்னொரு சங்கடமும் இந்த வேலையில் உண்டு. ஒரு வகுப்பில் இத்தனை பிள்ளைகள் இருந்தால், ஒரே கணக்கு அத்தனை பேருக்கும் வெவ்வேறு எண்களோடு போகும், பார்த்து எழுதக்கூடாது என்பதற்காக. எண்களை சிஸ்டமே போட்டுக்கொள்ளும். எதிலிருந்து எது வரை போடலாம் என்று எல்லை கட்டவேண்டியது உண்ணாமலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கட்டாவிட்டால் அது சந்தையில் ஏழரை ஆட்டை விற்றுவிடும். ஆரம்பத்தில் ஒரு முறை பதினாறு வயது மகனுக்குப் பதினெட்டு வயது அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தியது. நல்லவேளை, அது பிள்ளைகளிடம் போகும் முன்பே அவள் கண்ணில் பட்டுவிட்டது.

வரிசைக்கும் அவ்வளவு மெனக்கெடுவாள். மாடி ஜன்னலில் ராஜகிரி தெரியும். கோட்டை பார்க்க ஏறினவர்கள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே வந்து, பஜாரில் சோடா குடித்துக்கொண்டே, நாலு படி சின்னதாக இருக்கிறது, ஐந்தாவது படி இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது என்று ராஜாவைத் திட்டுவார்கள். தன் கணக்குகளில் அப்படி ஒரு படி இருக்கக்கூடாது என்பது உண்ணாமலையின் பிடிவாதம். ஒரு கணக்கில் முக்கால்வாசிப் பிள்ளைகள் சறுக்கினால், அதற்கும் முந்தைய கணக்குக்கும் நடுவில் இன்னொன்றைச் செருகுவாள். தினமும் காலையில் முதல் வேலையாக, எந்தப் பள்ளியில் எந்தக் கணக்கில் யார் எந்த விடை எழுதினார்கள் என்று திரையில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பாள்.

இப்படி நாலைந்து வருஷம் ஓடிய பிறகு, போன மாசி மாதம் ஷோபனா ஒரு சேதி சொன்னாள். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை தமிழ்வழிக் கணக்கு மொத்தத்துக்கும் ஒரே பொறுப்பாளரைப் போடப்போகிறார்கள். மாதச் சம்பளம், வீட்டிலிருந்தே வேலை. கம்பெனியிலேயே இருக்கும் விமல்ராஜ் என்ற பையனும் உண்ணாமலையும்தான் பட்டியலில். "இதுவரைக்கும் உங்க கணக்குல ஒரு பிழைகூட வந்ததில்லக்கா. வெள்ளிக்கிழமை மீட்டிங். அநேகமா உங்களுக்குத்தான்."

உண்ணாமலைக்குச் சம்பளத்தைவிட இன்னொன்று பெரிதாகத் தெரிந்தது. சென்னையில் அவள் குறிப்புகளை அவ்வப்போது கத்தரிப்பார்கள். திரையில் இடமில்லை, நீளமாக இருக்கிறது, தோசை எதற்கு என்று வெட்டி, கடைசியில் 'தவறு' என்ற பழைய சொல்லிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பொறுப்பு கையில் வந்தால் ஒரு குறிப்பையும் யாரும் தொடமுடியாது. மூன்று வகுப்புக் கணக்குகளையும் தன் இஷ்டப்படி வரிசையாக அடுக்கலாம். அந்த ஆசை அவளுக்கு இருந்தது, வெளியே சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்கு இருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் கால் தரையில் படவில்லை.

புதன்கிழமை காலை. வழக்கம்போல விடைகளை ஓடவிட்டுப் பார்த்தவள், பொறுப்பு வரும் முன் ஒரு தடவை என்று போன சில வாரங்களின் பழைய விடைகளையும் ஓடவிட்டாள். எட்டாவது வகுப்பு, லாப நட்டப் பாடம். மேல்சித்தாமூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், ரஞ்சனி என்ற பெண்ணுக்கு வந்த கணக்கு இது: நானூறு ரூபாய்க்கு வாங்கிய பொருளை ஐந்நூறு ரூபாய்க்கு விற்றால் லாப சதவீதம் எவ்வளவு? ரஞ்சனி 25 என்று எழுதியிருந்தாள். தவறு என்று சிவப்பு. அதன் கீழே உண்ணாமலை எழுதிய குறிப்பு: "எந்த விலையால் வகுத்தாய்? இரண்டு விலையையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டாய் போல. மாற்றிப் பார்." ரஞ்சனி மறுபடியும் 25 என்று எழுதியிருந்தாள். மூன்றாவது தடவையும் 25. நான்காவது தடவையும் 25. ஒரு கணக்குக்கு நான்கு வாய்ப்புதான். மதிப்பெண் பூஜ்யம்.

சரியான அழுத்தக்காரி என்று உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் குறிப்பைப் படித்த பிறகும் அசையாத பிள்ளையை அவள் பார்த்ததில்லை. குறிப்பு புரியும்படி இல்லையோ என்று சந்தேகம் வந்தது. பழுது குறிப்பில்தான் இருக்கும், இன்னும் எளிமையாக எழுதலாம் என்று பேப்பரை எடுத்தாள். ரஞ்சனி எப்படிப் போட்டிருப்பாளோ அப்படியே தானும் போட்டுப் பார்த்தாள். லாபம் நூறு. அடக்க விலை நானூறு. நூறை நானூறால் வகுத்து நூறால் பெருக்கினால் இருபத்தைந்து.

இதில் எங்கே தப்பு?

பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தத் தப்பு விடையைக் கொடுத்தாலும் அது வந்த வழியைச் சொல்லிவிடுகிறவள், இந்த இருபத்தைந்துக்கு ஒரு தப்பு வழியைத் தேடித் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. கிடைக்காது, ஏனென்றால் அதுதான் சரியான விடை. கணக்கைத் திறந்து, விடை எழுதும் கட்டத்தைப் பார்த்தாள். லாபத்தை விற்ற விலையால் வகுத்து வைத்திருந்தாள். அதன்படி சரியான விடை இருபது. தப்பு விடைக்கான கட்டத்தில், புத்தகத்தில் இருக்கிற சரியான வழியைப் போட்டு, அதற்கு நேராக அந்த அழகான குறிப்பையும் எழுதிவைத்திருந்தாள். இரண்டு கட்டமும் தலைகீழ். 

எப்படி இது நடந்தது என்று யோசித்தபடியே கீழே இறங்கி வந்தாள். கல்லாவில் தங்கராஜ். பக்கத்தில் ஆண்டாள்.

"இன்னாங்க, நானூறுக்கு வாங்கி ஐந்நூறுக்கு வித்தா நூத்துக்கு எவ்ளோ லாபம் நிக்குது?"

"நூத்துக்கு இருபது" என்றார் தங்கராஜ், தலையைத் தூக்காமலேயே.

"இருபத்தஞ்சு இல்லியா?"

"அது எப்டி இருபத்தஞ்சு? ஐந்நூறு ரூவா கல்லாவுல வுழுது. அதுல நூறு ரூவா நம்மளுது. அப்போ நூத்துக்கு இருபதுதானே?"

"இத்தன வருசமா இங்க குந்திகினு இருக்குற, இது தெரியாதா உனக்கு?" என்றார் ஆண்டாள்.

தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. தை மாதத்தில் அந்தக் கணக்கை அவள் எழுதினது மாடியில் அல்ல, இதே கல்லாவில். முகூர்த்த நேரம், சீர்வரிசைப் பாத்திரம் எடுக்கக் கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மடியில் லேப்டாப், இன்னொரு பக்கம் "ஏங்க, இதுல பதினஞ்சு நிக்குது, இன்னும் ரெண்டு குறைக்கலாம்" என்று கணவருக்குக் குரல் கொடுத்தபடி எழுதினாள். கடையில் லாபம் என்றால் விற்ற பணத்தில்தான் பார்ப்பார்கள். செஞ்சியில் எந்தக் கடைக்குப் போனாலும் அப்படித்தான், அது தப்பும் இல்லை. ஆனால் புத்தகம் கேட்பது அடக்க விலையின் மேல். புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள்தான் உண்ணாமலை. கடை அவளுக்குள் எவ்வளவு தூரம் குடியேறிவிட்டது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

மறுபடி மாடிக்கு ஓடினாள். மற்றப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை. நிறையப் பிள்ளைகள் முதலில் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். குறிப்பைப் படித்தார்கள். உண்ணாமலையின் குறிப்பு என்றால் அவர்களுக்கு வேதவாக்கு, இத்தனை நாள் ஒரு தடவைகூட ஏமாற்றாத குறிப்பு. உடனே விலையை மாற்றிப் போட்டார்கள். பச்சை டிக் விழுந்தது. அதற்கப்புறம் வந்த கணக்குகளிலும் அதே மாதிரி மாற்றிப் போட்டுப் போட்டு வரிசையாகச் சறுக்கியிருந்தார்கள். அந்தச் சறுக்கலைப் போன மாதமே அவள் பார்த்தாள். பாடம் கஷ்டம் போல என்று நினைத்து, நடுவில் இரண்டு கணக்குகளைச் செருகிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். வெறுமனே 'தவறு' என்று மட்டும் சொல்லும் அந்தப் பழைய சிஸ்டமாக இருந்திருந்தால், பிள்ளைகள் போடா என்று திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவள் அன்பாக, புரியும்படியாக, சிரிக்கச் சிரிக்கத் தப்பைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

ரஞ்சனியின் பெயரில் வந்து நின்றாள். நான்காவது 25-க்குப் பிறகு அந்தப் பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை. அடுத்த கணக்கு வெறுமை. அதற்கடுத்த பாடம் வெறுமை. அதுவரை ஒரு வீட்டுப்பாடம் விடாமல் போட்டுக்கொண்டிருந்த பெண், அன்றோடு நிறுத்திவிட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த தங்கராஜிடம் சொன்னாள். சோற்றைப் பிசைந்தபடி அவர் கேட்டுக்கொண்டார்.

"இப்போ அத்த மாத்த முடியுமா, முடியாதா?"

"ரெண்டு நிமிசம். ரெண்டு கட்டத்தையும் மாத்திப் போட்டா இனிமே போடற புள்ளைங்களுக்கு சரியா வந்துடும்."

"யாருனா கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கல. ஒவ்வொரு புள்ளைக்கும் வேற வேற நம்பரு. வாத்தியாருங்களுக்குத் தெரிய வழியே இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுற? மாத்திட்டுக் கம்முனு இரு. வெள்ளிக்கிழம தாண்டட்டும். பொறுப்பு கைக்கு வந்ததும் நீயே ராணி, எத்த வேணா சொல்லிக்க."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பெண்டாட்டி ஆசைப்பட்டது கைநழுவிப் போகக்கூடாது என்ற தவிப்புதான். உண்ணாமலையும் அதையே நாலு தடவை யோசித்திருந்தாள். நாமாக இருந்தாலும் இன்னொரு நாலு தடவை சேர்த்து யோசித்திருப்போம்.

"இனிமே வர்ற புள்ளைங்களுக்கு சரியாயிடுங்க. நானு தப்புன்னு சொல்லி அனுப்புன புள்ளைங்களுக்கு? அந்தப் பொண்ணு நாலு தபா சரியா போட்டுச்சு. நாலு தபாவும் நான் இல்லன்னு சொல்லிட்டேன். அது கணக்கையே வுட்டுட்டுப் போயிடுச்சுங்க."

தங்கராஜ் ரசம் கேட்டார். 

சாப்பிட்ட கையோடு உண்ணாமலை சென்னைக்குப் போன் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை. எந்தக் கணக்கு, எந்தக் கட்டம், எப்படித் தலைகீழாயிற்று, எத்தனை வாரமாகப் பிள்ளைகளிடம் இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னாள். 

"அக்கா, அந்தக் கணக்க செக் பண்ணவ நான்தான்" என்றாள் ஷோபனா. "உங்க பேரப் பாத்தேன், ஓகே போட்டுட்டேன். உள்ள தெறந்தே பாக்கல."

"எழுதினவ நான் மேடம். தப்பு என்னுது."

"வெள்ளிக்கிழமை மீட்டிங்ல இத நான் சொல்லித்தானே ஆகணும்."

"சொல்லுங்க. அதுக்குத்தான் போன் பண்ணேன்."

ஷோபனா நல்ல பெண். மறுநாளே மதிப்பெண்களை மறுபடி கணக்கிட ஏற்பாடு செய்தாள். பள்ளிகளுக்கு ஒரு சேதியும் தயார் செய்தாள்: தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சில மதிப்பெண்கள் மாறியுள்ளன. அனுப்பும் முன் உண்ணாமலைக்குக் காட்டினாள். அங்கேதான் உண்ணாமலை முறுக்கிக்கொண்டாள். கோளாறு என்றால் எந்த விடை சரி என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மார்க்கு ஏறும், மண்டையில் ஏறினது இறங்காதே! தப்பாகச் சொல்லிக் கொடுத்தது நான், அதைத் திருப்பி எடுக்கவேண்டியதும் நானே என்று மல்லுக்கு நின்றாள். அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே ஒரு கணக்கு அனுப்ப அனுமதி கேட்டாள். கம்பெனி தன் தப்பைத் தானே தண்டோரா போடுவதா என்று மேலிடத்தில் தயங்கினார்கள். ஷோபனா யார் யாரிடமோ பேசி வாங்கிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை போன் வந்தது. பொறுப்பு விமல்ராஜுக்கு. "ஸாரிக்கா" என்றாள் ஷோபனா. உண்ணாமலை பரவாயில்லை என்றாள். பரவாயில்லாமல் இல்லை. போனை வைத்துவிட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து அழுதாள். கீழே ஆண்டாள் யாரையும் மேலே விடவில்லை, காயத்ரியைக்கூட. பிறகு தானே காபி எடுத்துக்கொண்டு ஏறிவந்து, "ஆறிடும், குடி" என்று வைத்துவிட்டுப் போனார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உண்ணாமலை அந்த ஒரு கணக்கை எழுத உட்கார்ந்தாள். அவள் எழுதியதிலேயே அதிக நேரம் எடுத்தது அதுதான். எழுதி முடித்தபோது அது இப்படி இருந்தது:

"செஞ்சியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் உண்ணாமலை என்பவள்தான் உங்களுக்கு இந்தக் கணக்குகளையும் குறிப்புகளையும் எழுதுகிறவள். நானூறு ரூபாய்க்கு வாங்கிய குண்டானை ஐந்நூறு ரூபாய்க்கு விற்றால் லாபம் நூற்றுக்கு இருபது என்று அவள் எழுதிவைத்தாள். புத்தகத்தில் உள்ளபடி சரியாகப் போட்ட உங்களில் பலரைத் தவறு என்றும் சொல்லிவிட்டாள். தவறு அவளுடையது. அவள் எங்கே சறுக்கினாள்? அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு குறிப்பு எழுதுங்கள்."

இத்தனை வருஷத்தில் அந்த சிஸ்டத்தில் பிள்ளைகள் குறிப்பு எழுதுவதற்கென்று கட்டம் வைத்தது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமையிலிருந்து வர ஆரம்பித்தன. "மிஸ் அடக்க விலையால் வகுக்கணும்" என்று ஒரு பிள்ளை. "நீங்க டீச்சரா கடைக்காரம்மாவா?" என்று ஒன்று. "எங்க அப்பாவும் இப்படித்தான் போடுவாரு, ரெண்டும் ரெண்டு கணக்கு" என்று மளிகைக்கடை வீட்டுப் பையன் ஒருவன் பத்தி பத்தியாக விளக்கியிருந்தான். ஒரு குறும்பன், அவளைப் போலவே, "ஐந்நூறு ரூபாயில் நானூறு உங்க முதல். போட்ட முதலுக்கு எவ்வளவு கிடைச்சுதுன்னு கேட்டா, கிடைச்சதையும் சேர்த்து ஏன் வகுக்கறீங்க?" என்று எழுதியிருந்தான். உண்ணாமலை அதைக் கீழே எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டினாள். தங்கராஜ் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ரஞ்சனியின் பெயருக்கு நேரே மட்டும் வெறுமைதான். செவ்வாய் வெறுமை. புதன் வெறுமை. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து கேட்கலாமா என்று நினைத்தாள். பிள்ளையைக் கூப்பிட்டு ஏன் போடவில்லை என்று அதட்டுவார்கள், அது வேறு வம்பு என்று விட்டுவிட்டாள். விமல்ராஜ் பொறுப்பேற்ற கையோடு குறிப்புகள் மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தான். தோசைக் குறிப்பை மூன்று வரிக்குள் அடக்குவது எப்படி என்று அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். அடக்கியும் விட்டாள். தோசை தப்பித்தது.

வியாழக்கிழமை மாலை, பள்ளிக்கூடம் விட்டு பஸ்கள் கிளம்பும் நேரம், திரையில் ரஞ்சனியின் வரிசையில் எழுத்து தெரிந்தது.

"நீங்க தப்பு பண்ண மாட்டீங்கன்னு நெனச்சு எனக்குதான் கணக்கு வராதுன்னு வுட்டுட்டேன். அடக்க விலை கீழ வரணும். நான் நாலு தடவையும் அப்படித்தான் போட்டேன்."

குறிப்பு என்று கேட்டதற்கு அவ்வளவுதான். உண்ணாமலை அதை இன்னொரு தடவை படித்தாள். அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுத சிஸ்டத்தில் வழியில்லை. 

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டம் நிரம்பியது. ரஞ்சனி அடுத்த கணக்குக்குப் போயிருந்தாள், தள்ளுபடிக் கணக்கு. எண்ணூறு ரூபாய்க்குப் பத்து சதவீதம் தள்ளுபடி, மீதியில் மறுபடி பத்து சதவீதம். பிள்ளை இரண்டையும் சேர்த்து இருபது என்று வைத்துக்கொண்டு, 640 என்று எழுதியது.

தப்பு. இது அசல் தப்பு, எங்கே வழுக்கியது என்று உண்ணாமலைக்குத் தெரிந்த தப்பு, குறிப்பு எழுதி வைத்திருக்கிற தப்பு. "வெளக்கு ஏத்தணும், கீழ வர்றியா?" என்று ஆண்டாள் படியில் நின்று கூப்பிட்டார். "இருங்கத்தை" என்றாள் உண்ணாமலை. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. திரையில் ரஞ்சனி 640-ஐ அழித்துவிட்டு மறுபடி போட ஆரம்பித்திருந்தாள்.